ஜன்தன் கணக்கு: பெண்கள் அவசரச் சேமிப்புக்கு எப்படிப் பயன்படுத்தலாம்?

அன்றாடக் கூலியில் இருக்கும் பெண்கள் பலர், உடம்பு சரியில்லை என்றாலும் உடனே மருத்துவமனைக்குப் போவதில்லை. அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம்தான். ஆனால் ஆட்டோவுக்குக் காசு வேண்டும், கூடவே அன்றைய கூலியும் போகும். இப்படி நாள் தள்ளி, நோய் முற்றிய பிறகு வட்டிக்கு வாங்குகிறார்கள். அந்த வட்டியைக் கட்டச் சாப்பாட்டிலும் மாத்திரையிலும் கை வைக்க வேண்டிவருகிறது. முதல் நாளே கையில் சில நூறு ரூபாய் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது.

அந்தப் பணத்தைச் சேர்த்துவைக்க ஜன்தன் கணக்கு நல்ல இடம். 2014 ஆகஸ்ட் 28 அன்று மத்திய அரசு தொடங்கிய வங்கிச் சேமிப்புக் கணக்குத் திட்டம் இது. குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை. கணக்கில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் அபராதம் கிடையாது. ஆதார் இருந்தால் வங்கிக் கிளையிலோ, ஊருக்கு வரும் வங்கி மித்ராவிடமோ (வங்கியின் முகவர்) தொடங்கலாம். ரூபே என்ற ஏடிஎம் அட்டையும் இலவசம்.

கணக்கு தொடங்கும்போது உங்கள் சொந்த செல்போன் எண்ணைக் கொடுங்கள். கணவர் எண்ணையோ மகன் எண்ணையோ கொடுத்தால், நீங்கள் போடுவதும் எடுப்பதும் குறுஞ்செய்தியாக அவர்களுக்குத்தான் போகும். வீட்டில் எல்லாரும் நல்லவர்களாகவே இருக்கட்டும், இந்தப் பணம் எவ்வளவு இருக்கிறது என்பது உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும். ஏடிஎம் ரகசிய எண்ணும் அப்படித்தான்.

சேமிப்பு போதாமல் போனால், கணக்கில் இருப்பதைவிடக் கூடுதலாக எடுத்துக்கொள்ள ஓவர்டிராஃப்ட் என்றொரு வசதி உண்டு. ஆறு மாதமாவது கணக்கை ஒழுங்காக நடத்தியவர்கள் கிளையில் விண்ணப்பிக்கலாம். உச்சவரம்பு 10,000 ரூபாய். அதில் 2,000 வரை நிபந்தனை இல்லை. இதை அரசு உதவித்தொகை என்று நினைத்துவிடாதீர்கள். இது கடன், வட்டி உண்டு. முதலில் சொந்தச் சேமிப்பை எடுங்கள், அதற்கு அப்புறம் இது. கந்து வட்டிக்காரரிடம் போவதற்கு முன்னால் இதைக் கட்டாயம் கேட்டுப்பாருங்கள்.

2018 ஆகஸ்ட் 28-க்குப் பிறகு தொடங்கிய கணக்கென்றால், ரூபே அட்டையோடு 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் உண்டு. விபத்துக்கு முந்தைய 90 நாளில் ஒருமுறையாவது அட்டையைப் பயன்படுத்தியிருக்க வேண்டும்.

இரண்டு வருடம் பணம் போடாமலும் எடுக்காமலும் விட்டால் கணக்கு முடங்கும். முடங்கியிருந்தால் ஆதாரோடு கிளைக்குப் போங்கள். மறுபடி இயக்கிக் கொடுக்க வங்கி கட்டணம் கேட்கக் கூடாது.