ஐயாவின் வாட்ச்சை விற்பதற்கு முன்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பங்காளிகள் கூடித் திறக்கும்போது, இரும்புப் பெட்டியின் அடியில் ஒரு கைக்கடிகாரமாவது அகப்படும். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன ஐயா கட்டியிருந்ததாக இருக்கும். மாப்பிள்ளைச் சீரில் வந்ததாகவும் இருக்கலாம். தூண், கதவு, பீங்கான் ஜாடி என்று எல்லாவற்றுக்கும் விலை கேட்டு ஆள் வரும் ஊர் இது. வாட்ச் என்றால் மட்டும், "ஓடலையே ஆச்சி, இதுக்கு என்னத்தைக் கொடுக்கிறது?" என்ற ஒரு கேள்வியிலேயே பேரம் முடிந்துவிடுகிறது.

ஓடுகிறதா என்பது பழைய வாட்ச்சின் விலையில் சிறு பங்குதான். டயல், முள், கேஸ், உள்ளே இருக்கும் மெஷின் ஆகிய நான்கும் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து இருப்பவையா என்பதுதான் சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது. நான்கும் ஒரே வயதைச் சொன்னால் ஓடாத வாட்ச்சுக்கும் நல்ல விலை உண்டு. ஒன்று மட்டும் வேறு வயதைச் சொன்னால், நிமிஷம் தவறாமல் ஓடினாலும் விலை இறங்கிவிடும். அந்த வயதை எப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வது? இயற்பியலும் வேதியியலும் இங்கே நன்றாகவே உதவுகின்றன.

"ரங்கூனில் வாங்கியது" என்று வீட்டில் ஒரு பேச்சு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1942-ல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வந்தபோது நம் ஆட்கள் கிடைத்ததை எடுத்துக்கொண்டு, பலர் நடந்தே, ஊர் திரும்பினார்கள். ஆகவே அந்தப் பேச்சு உண்மையானால் வாட்ச் பெரும்பாலும் 1942-க்கு முந்தையது. இனி டயலைப் பாருங்கள். அக்காலத்து வாட்ச்சில் இருட்டில் ஒளிரும் எண்கள் இருந்தால் அது ரேடியம் பூச்சு. ரேடியம் வெளிவிடும் ஆல்ஃபா துகள்கள் கூடவே கலந்த துத்தநாக சல்ஃபைடில் மோதி ஒளி உண்டாக்கின. 1960-களில் ரேடியத்தைக் கைவிட்டு டிரிட்டியத்துக்கு மாறினார்கள். அப்படி மாறிய ஸ்விஸ் டயல்களில், ஆறு மணிக்குக் கீழே உள்ள 'ஸ்விஸ்' என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் 'டி' என்ற ஆங்கில எழுத்தைச் சிறியதாக அச்சிட்டிருப்பார்கள். ரங்கூன் வாட்ச்சில் அந்த எழுத்து இருந்தால், ஒன்று டயல் பிற்காலத்தில் மாற்றப்பட்டது, இல்லையென்றால் குடும்பத்தில் இரண்டு வாட்ச்சின் கதை கலந்துபோயிருக்கிறது.

இந்த இரண்டு பூச்சும் இன்று ஒளிராது. ஆனால் காரணம் வேறு வேறு. ரேடியத்தின் அரைவாழ்வு, அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 1,600 ஆண்டு. 80 ஆண்டில் அதில் 3.4 சதவீதம்தான் குறைந்திருக்கும். செத்துப்போனது துத்தநாக சல்ஃபைடு. விடாத துகள் அடியில் அதன் படிக அமைப்பு சிதைந்துவிட்டது. டிரிட்டியத்தின் அரைவாழ்வோ 12.3 ஆண்டுதான், 60 ஆண்டு ஆனால் அதில் 3.4 சதவீதம்தான் மிஞ்சியிருக்கும். ஆகவே கதிரியக்கம் போய்விட்டது என்று நினைத்து ரேடியம் டயலைத் துடைக்கவோ சுரண்டவோ கூடாது. தூள் மூச்சில் போனால் உடம்பிலேயே தங்கிவிடும். கண்ணாடியோடு மூடியிருக்கும் வரை பயப்படத் தேவையில்லை. திறக்க வேண்டியிருந்தால், விவரம் சொல்லி அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று: அந்த எண்களின் மேல் சில நொடி டார்ச் அடித்து, விளக்கை அணைத்துப் பாருங்கள். பழைய பூச்சு ஒளிராது, அல்லது சில நொடியில் அணைந்துவிடும். நிமிடக்கணக்கில் பச்சையாக மின்னினால் அது பிற்காலத்துப் பூச்சு.

பூட்டிய வீடுகள் நமக்குத் தரும் சாட்சி இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. ரேடியம் பூசிய முள் ஒரே இடத்தில் பல ஆண்டு நின்றுவிட்டால், கதிர்வீச்சு அடியில் இருக்கும் டயலை மெல்லக் கருக்கிவிடும். முள்ளை நகர்த்தினால் அதன் வடிவத்திலேயே பழுப்பு நிழல் தெரியும். நிழலின் வடிவமும் இப்போதுள்ள முள்ளின் வடிவமும் பொருந்தினால், டயலும் முள்ளும் நெடுங்காலம் சேர்ந்தே இருந்தவை. நிழல் இருக்கிறது, முள்ளில் பூச்சே இல்லை என்றால் முள் மாறியிருக்கிறது. இதைக் கறை என்று நினைத்து டயலைப் புதுப்பிக்கக் கொடுத்துவிடுகிறார்கள் பலர். பதறுகிறது எனக்கு.

ஏனென்றால், பழைய டயலைச் சுரண்டி மறுபடி அச்சடிக்கும் தொழில் நம் நாட்டில் பெரிதாகவே நடக்கிறது. பளபளவென்று வரும், விலை போய்விடும். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அசல் அச்சில் எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும்; மறு அச்சில் மை தடித்து, ஓரம் கலங்கி நிற்கும். நிமிடக் கோடுகள் மணிக் குறிகளோடு நேராக நிற்காது. சின்ன நொடி வட்டத்தின் நடுப்புள்ளியும் முள் சுழலும் புள்ளியும் விலகியிருக்கும்.

அடுத்து மெஷின். பின்மூடியை வாட்ச் மெக்கானிக்கை வைத்தே திறக்கச் சொல்லுங்கள். கத்தியால் நெம்பிய கீறல் ஒவ்வொன்றும் விலையில் கழியும். திறந்ததும் எண்களையும் எழுத்துகளையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பல மெஷின்களில், இருபுறமும் ஊசலாடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் ஓரத்தில் அல்லது அடியில் அடித்தட்டின் மேல், செய்த நிறுவனத்தின் சின்னமும் மெஷின் எண்ணும் பொடியாகப் பொறித்திருக்கும். டயலில் ஒரு பெயரும் மெஷினில் வேறு பெயரும் இருப்பதாலேயே போலி என்று முடிவு கட்ட வேண்டாம். எட்டா, ஏ. ஷில்ட் போன்ற நிறுவனங்களிடம் மெஷின் வாங்கித் தன் பெயரில் விற்ற ஸ்விஸ் கம்பெனிகள் ஏராளம். அந்தப் பெயர் அந்த மெஷினைப் பயன்படுத்தியதா என்பதுதான் கேள்வி.

பேலன்ஸ் சக்கரத்தின் நடுவில் யாழ் வடிவில் ஒரு மெல்லிய ஸ்பிரிங் தெரிந்தால் அது இன்காப்ளாக் என்ற அதிர்ச்சித் தாங்கி, 1930-களில் வந்தது. ஆகவே அது உள்ள மெஷின் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. செய்கோ வாட்ச் என்றால் இன்னும் சுலபம். 1960-களுக்குப் பிந்தைய பெரும்பாலான செய்கோக்களில் பின்மூடியின் வரிசை எண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். 78 என்று தொடங்கினால் ஏழில் முடியும் ஏதோ ஓர் ஆண்டின் ஆகஸ்ட். எந்தப் பத்தாண்டு என்பதை மாடல் எண் சொல்லிவிடும். எச்.எம்.டி. என்றால் 1961-க்கு முன் போகவே வேண்டாம். சிட்டிசன் கம்பெனியின் உதவியோடு பெங்களூரில் அதன் வாட்ச் தொழிற்சாலை அப்போதுதான் தொடங்கியது. ஃபாவ்ர் லூபா என்ற ஸ்விஸ் கம்பெனி 1865-லேயே பம்பாய்க்கு வந்துவிட்டது, அதனால் அந்தப் பெயரை மட்டும் வைத்து வயதைச் சொல்ல முடியாது.

சரி, தங்கமா? நம் ஊரில் முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான். நகைக்கடையில் எக்ஸ்ரே மெஷினில் வைத்துக் காட்டுவார்கள், திரையில் தங்கம் என்று வரும். அவசரப்படாதீர்கள். அந்தக் கதிரால் தங்கத்தின் மேற்பரப்பில் ஏறக்குறைய 10 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆழம்தான் அறிய முடியும். அந்தக் காலத்தில் கேஸ்களுக்கு 20 மைக்ரான் கனத்தில்கூட முலாம் பூசினார்கள். பித்தளைக்கு மேல் அப்படி ஒரு முலாம் இருந்தால் எக்ஸ்ரே மெஷின் அதையும் தங்கம் என்றே சொல்லும். பின்மூடியின் உட்புறத்தில் முத்திரை தேடுங்கள். பழைய ஸ்விஸ் முத்திரையில் 18 காரட்டுக்குப் பெண் தலை, 14 காரட்டுக்கு அணில். மைக்ரான் என்ற சொல் பொறித்திருந்தால் அது முலாம்தான். பட்டை மாட்டும் காதுகளின் முனையில் மேல்நிறம் தேய்ந்து வேறு நிறம் எட்டிப் பார்த்தாலும் அப்படியே. உண்மையிலேயே தங்கமாக இருந்தால் மெஷினைக் கழற்றிக் கேஸை மட்டும் நிறுத்துக் கணக்குப் போடுங்கள். அந்தத் தொகைக்குக் கீழே எந்தப் பேரத்திலும் இறங்க வேண்டாம்.

வாட்ச் ஓடுமானால் அதன் சத்தத்தைக் கேட்பதும் ஒரு கலை. அக்காலத்து மெஷின்களில் பெரும்பாலானவை மணிக்கு 18,000 துடிப்பு, நொடிக்கு ஐந்து. நம் காதுக்கு ஒரே 'டிக்' ஆகக் கேட்பதில் உண்மையில் மூன்று சிறு தட்டல்கள் இருக்கின்றன. முதல் தட்டலுக்கும் கடைசித் தட்டலுக்கும் இடையில் பேலன்ஸ் சக்கரம் ஏறக்குறைய 52 டிகிரி திரும்புகிறது. சக்கரம் அகலமாக ஆடினால் நடுவில் வேகமாகப் போகும், இடைவெளி சுருங்கும். இருபுறமும் 270 டிகிரி வரை ஆடினால் இடைவெளி சுமார் 12 மில்லிநொடி. ஆட்டம் 180 டிகிரியாகக் குறைந்தால் 18 மில்லிநொடி. டைம்கிராஃபர் என்ற கருவி மைக் வைத்து இதைத்தான் அளக்கிறது. போனிலும் இதற்குச் செயலிகள் உண்டு. ஆட்டம் 200 டிகிரிக்குக் கீழே என்று காட்டினால் எண்ணெய் காய்ந்திருக்கிறது அல்லது தேய்மானம் இருக்கிறது. எண்ணெய் காய்ந்த மெஷினை, ஓடுகிறதே என்று தினமும் சாவி கொடுத்துக் காட்டினால் தூசியும் பிசினும் சேர்ந்து அச்சு முனைகளை அரைத்துவிடும். ஓரிரு தடவை பார்த்துவிட்டு நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் விலை. இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை விலையல்ல. அதே மாடல், அதே நிலையில், உண்மையில் விற்றுமுடிந்த தொகைகளைத் தேடுங்கள். ஏல நிறுவனங்களின் பழைய முடிவுகளும், விற்பனைத் தளங்களில் 'விற்றவை' என்ற பிரிவும் இதற்கு உதவும். அசல் டயலுள்ள வாட்ச்சை மறு அச்சு டயலுள்ளதோடு ஒப்பிடாதீர்கள்; அவை இரண்டு வேறு சந்தை. பெட்டி, கடை ரசீது, ஐயா அதைக் கட்டியிருக்கும் பழைய போட்டோ இருந்தால் வாட்ச்சோடு சேர்த்தே வையுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் விசாரிப்பதானால் ஒரே கடையோடு நிறுத்தாமல், வரிசை எண்களை மறைத்து எடுத்த போட்டோவோடு போய்க் கேளுங்கள்.

விற்கும் முன் சர்வீஸ் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: சாதாரண வாட்ச் என்றால் வேண்டாம், செலவு விலையில் திரும்பி வராது. அரிய வாட்ச் என்றாலும் வேண்டாம். வாங்குபவர் தனக்கு நம்பிக்கையான மெக்கானிக்கிடம் கொடுத்துக்கொள்வார். கேஸுக்குப் பாலிஷ் போடாமல், டயலைத் தொடாமல், ஐயா கழற்றி வைத்த நிலையிலேயே அது கையில் வருவதற்குத்தான் அவர் கூடுதலாகக் கொடுக்கிறார்.