வான்கோவின் ரோஜாக்கள் வெளுத்தது எப்படி?

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் வின்சென்ட் வான்கோ வரைந்த ரோஜாப் படம் ஒன்று இருக்கிறது. 1890 மே மாதம், தெற்கு பிரான்ஸில் தங்கியிருந்த மனநலக் காப்பகத்தை விட்டுக் கிளம்பும் தறுவாயில் வரைந்தது. பார்க்கிறவர்கள் வெள்ளை ரோஜா என்றே நினைப்பார்கள். தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்திலோ அவை இளஞ்சிவப்பு. அதே நாட்களில் அவர் ஊதாவாகத் தீட்டிய ஐரிஸ் பூக்களும் இப்போது நீலமாகத் தெரிகின்றன.

இரண்டிலும் காணாமல் போனது ஒரே சிவப்புதான். அதன் பெயர் ஜெரேனியம் லேக். 1870களில் வந்த இயோசின் என்ற செயற்கைச் சாயத்தை உலோக உப்போடு சேர்த்துக் கரையாத தூளாக்கி, எண்ணெயில் குழைத்து ட்யூபில் அடைத்து விற்றார்கள். (மருத்துவ ஆய்வகங்களில் திசுக்களை நுண்ணோக்கியில் பார்க்க நிறமேற்றுவதும் இதே இயோசின்தான்.)

காவி, கோபால்ட் நீலம் போன்ற கனிம நிறங்கள் வெளிச்சத்துக்கு லேசில் அசையாதவை. இயோசின் கரிம மூலக்கூறு. பச்சை ஒளியை அது விழுங்கிக்கொள்வதால் நமக்குச் சிவப்பாகத் தெரிகிறது. விழுங்கிய ஆற்றல் பெரும்பாலும் சேதமில்லாமல் வெளியேறிவிடும். எப்போதாவது ஒரு மூலக்கூறு அந்த வேகத்தில் ஆக்சிஜனோடு வினைபுரிந்து உடையும். உடைந்தால் நிறம் போச்சு. பல வருடப் பகல் வெளிச்சத்தில் இப்படி ஒவ்வொன்றாகப் போய், ரோஜாவில் வெள்ளையும் ஐரிஸில் நீலமும் மட்டும் மிஞ்சின.

புதிய நிறங்கள் நிலைக்காது என்பது வான்கோவுக்குத் தெரியும். காலம் எப்படியும் மங்கச் செய்துவிடும், அதனால் துணிந்து அழுத்தமாகவே தீட்டலாம் என்று 1888இல் தியோவுக்கு எழுதினார். எனக்கென்னவோ, ரோஜா விஷயத்தில் அந்தக் கணக்கு தப்பிவிட்டது. மங்கியிருந்தால் பரவாயில்லை, ஒரு நிறம் மொத்தமாகவே போய்விட்டதே.

சரி, இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இயோசின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு புரோமின் அணுக்கள் உண்டு. நிறம் போனாலும் புரோமின் படத்திலேயே தங்கிவிடுகிறது. எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சினால் அது தனக்கே உரிய ஆற்றலில் திருப்பி ஒளிரும். அதைப் புள்ளி புள்ளியாக அளந்தால், எந்த இதழில் சிவப்பு இருந்தது என்ற வரைபடமே கிடைத்துவிடும். அதை வைத்து, 2015இல் மெட்ரோபாலிட்டன் நடத்திய கண்காட்சியில் பழைய நிறங்களைக் கணினியில் மீட்டுக் காட்டினார்கள். மூல ஓவியத்தில் யாரும் தூரிகை வைக்கவில்லை. திரையில் தெரிந்த சிவப்பின் அளவும் ஓர் உத்தேசம்தான்.