பழைய கூடாரம் ஒழுகும்போது பூச்சுக்கு முன் பார்க்க வேண்டியவை

மலையேற்றக் குழுக்களின் கூடாரங்களைப் பழுதுபார்க்கும் பணியில் நான் திரும்பத் திரும்பக் காணும் தவறு ஒன்று உண்டு. கூடாரம் ஒழுகத் தொடங்கியதும் கடையில் கிடைக்கும் நீர்விலக்கி ஸ்ப்ரேயை வாங்கி மேல்துணி முழுவதும் அடித்துவிடுகிறார்கள். அடுத்த பயணத்திலும் நனைந்த பிறகே என்னிடம் கொண்டுவருகிறார்கள். கொடைக்கானல் போன்ற உயரத்தில், வடகிழக்குப் பருவமழை இரவொன்றில் ஸ்லீப்பிங் பேக் நனைந்துவிட்டால், உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடக்கூடும். ஆகவே எதைப் பூசுவதற்கு முன்பும், நீர் எந்த வழியாக வருகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

இன்றைய கூடாரங்கள் பெரும்பாலும் நைலான் அல்லது பாலியஸ்டர் துணியால் ஆனவை. அந்த நெசவு தானாக மழையைத் தடுப்பதில்லை. பெரும்பாலானவற்றில் உட்புறம் பூசியிருக்கும் பாலியூரித்தேன் படலமே உண்மையான தடுப்பு. வெளிப்புற நீர்விலக்கிப் பூச்சு, மழைத்துளிகள் துணியில் ஊறாமல் உருண்டோடச் செய்கிறது. அது தேய்ந்துவிட்டால் துணி நீரை உறிஞ்சிக் கனத்துத் தொங்குமே தவிர, உட்படலம் நன்றாக இருக்கும்வரை ஒழுகாது. தையல் ஊசி போட்ட துளைகளை உட்புறம் ஒட்டிய டேப் மூடுகிறது. வாயில்களையும் காற்றுத் துளைகளையும் இறுக மூடிக்கொண்டு உறங்கினால், நம் மூச்சின் ஈரமே குளிர்ந்த துணியில் படிந்து விடியற்காலையில் சொட்டும். என்னிடம் ஒழுகுவதாகச் சொல்லி வந்த கூடாரங்கள் சிலவற்றில் வேறு எந்தக் குறையும் இருக்கவில்லை.

எனவே, வீட்டு முற்றத்தில் கூடாரத்தை அடித்து, ஒருவர் உள்ளே அமர்ந்திருக்க, மற்றொருவர் மேலிருந்து ஹோஸ் குழாயால் இருபது நிமிடம் நீர் பாய்ச்சுங்கள். தையல் ஓரத்தில் வரிசையாகத் துளிர்த்தால் டேப் போய்விட்டது. துணியின் நடுப்பகுதியிலேயே கசிந்தால் படலம் போய்விட்டது. கசியும் இடங்களை அப்போதே சாக்பீஸால் குறித்துக்கொள்வது நல்லது.

படலம் அழிவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் ஊர்க் காலநிலையில் அதுவே கூடாரத்தின் முதல் எதிரி. பாலியூரித்தேனின் மூலக்கூறுப் பிணைப்புகளை ஈரம் மெல்ல மெல்ல உடைக்கிறது; வெப்பமும் சேர்ந்தால் அச்சிதைவு விரைவுபடுகிறது. மழையில் நனைந்த கூடாரத்தை ஈரத்துடன் சுருட்டிக் கார் டிக்கியிலோ பரணிலோ போட்டுவைத்தால் இது விரைவில் நடக்கக்கூடும். பிரித்துப் பார்க்கும்போது துணி பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும், வாந்தியை ஒத்த புளித்த நாற்றம் வீசும், பிறகு படலம் செதில் செதிலாக உதிரும். அதன்மேல் புதிய பூச்சைப் பூசுவது, உதிரும் சுண்ணாம்பின்மேல் வெள்ளையடிப்பதைப் போன்றதே. காற்றோட்டமான இடத்தில், அருகில் நெருப்பின்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் பழைய படலத்தைத் தேய்த்து நீக்கிய பின்னரே பூச வேண்டும். மெல்லியதாக ஒரு கை பூசி, முழுநாள் உலரவிட்டு, மடிக்குமுன் டால்கம் பவுடரை லேசாகத் தூவினால் ஒட்டிக்கொள்ளாது.

எந்தப் பூச்சு என்பதிலும் கவனம் தேவை. சிலிக்கான் ஊட்டிய துணியில் சிலிக்கான் சீலர் (கசிவை அடைக்கும் பூச்சு) மட்டுமே பிடிக்கும். பாலியூரித்தேன் பக்கத்துக்குப் பாலியூரித்தேன் சீலரே பொருத்தம். வெளியே சிலிக்கானும் உள்ளே பாலியூரித்தேனுமாக இருக்கும் கூடாரங்களும் உள்ளன. தொழிற்சாலையிலேயே தையல் டேப் ஒட்டப்பட்டிருந்தால், அந்தப் பக்கம் பெரும்பாலும் பாலியூரித்தேன் என்று கொள்ளலாம். ஐயமிருந்தால் ஓர் ஓரத்தில் சிறிது தடவி, உலர்ந்தபின் நகத்தால் உரித்துப் பாருங்கள்.

தரைத்துணிக்குத் தனிக் கவனம் வேண்டும். ஒரு துணி 1500 மி.மீ. தரம் உடையது என்றால், ஒன்றரை மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம்வரை தாங்கும் என்று பொருள். மேல்துணிக்கு அது போதும். ஆனால் ஈரத்தரையில் ஒருவர் முழங்காலை ஊன்றும்போது உண்டாகும் அழுத்தம் அதைவிட மிகுதி. தரைத்துணி பழையதாகிவிட்டால், அடியில் தனி விரிப்பு ஒன்றைப் போடுவதே என் பரிந்துரை. அதன் ஓரம் கூடாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரை அடியில் சேர்த்துவிடும் என்பதால் உள்ளே மடித்துவிடுங்கள்.

வெளிப்பூச்சைப் புதுப்பிப்பது இவற்றுள் எளியது. முதலில் மென்மையான ஸ்பாஞ்சாலும் தண்ணீராலும் அழுக்கைத் துடையுங்கள். வாஷிங் மெஷினில் போட்டால் தையலும் படலமும் கிழியும், சலவைத்தூளின் எச்சமோ துணியில் தங்கி நீரை ஈர்க்கும். பிறகு ஸ்ப்ரேயைச் சீராக அடித்தால் போதும். ஃபுளோரின் சேர்மங்கள் இல்லாத ஸ்ப்ரேயைத் தேர்ந்தெடுங்கள். அச்சேர்மங்களில் பல மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்கிவிடுகின்றன, நாமோ ஊற்றுகளின் அருகிலேயே கூடாரம் அடிக்கிறோம்.

பயணம் முடிந்து வந்த அன்றே கூடாரத்தை நிழலில் விரித்து, தையல் மடிப்புகள்வரை உலரவிட்டு, இறுக்கமான உறையை விடுத்துப் பருத்திப் பையில் தளர்வாக வைத்திருங்கள். வெயிலில் நாள்கணக்காகக் காய்ந்து நைலான் நைந்து, இரு கைகளாலும் இழுத்தாலே கிழியும் நிலைக்கு வந்த கூடாரத்துக்கு எந்தப் பூச்சும் பயனில்லை. அத்தகையவற்றை நான் திருப்பிக் கொடுத்து, கம்பிகளையும் முளைகளையும் மட்டும் வேறு கூடாரத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன்.