மொந்தானுஸ் மேல் பொய்ச்சாட்சி சொல்லாதீர்கள்

இறையியல் மாணவர்களுக்குத் திருச்சபை வரலாறு நடத்துகிறேன். இரண்டாம் நூற்றாண்டில் ஒரு தீர்க்கதரிசன இயக்கத்தைத் தொடங்கி, சபையால் தள்ளப்பட்ட மொந்தானுஸ் பற்றிய கேள்விக்கு இந்தப் பருவத் தேர்வுத்தாள்களில் பாதிக்கு மேல் ஒரே பதில்: மொந்தானுஸ் தன்னையே பரிசுத்த ஆவி என்று சொல்லிக்கொண்டான், கடைசியில் தூக்குப்போட்டுச் செத்தான். எங்கே படித்தீர்கள் என்று கேட்டால், பிரசங்கத்தில் கேட்டோம் என்கிறார்கள். போன மாதம் ஒரு ஜெபக்கூட்டத்தில், தரிசனம் கண்டதாக அழுதுகொண்டே சொன்ன ஒரு அக்காவை, "இது மொந்தானிஸ்ட் ஆவி" என்று மேடையிலிருந்தே சொல்லி உட்காரவைத்தார்கள். அதற்கு மேல் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அந்தத் தூக்குக் கதை. இந்த இயக்கத்தை மிகக் கடுமையாக எதிர்த்த, பெயர் தெரியாத ஒருவரின் எழுத்தை நான்காம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யூசேபியஸ் தமது திருச்சபை வரலாற்றின் ஐந்தாம் புத்தகத்தில் எடுத்துத் தருகிறார். மொந்தானுஸும் அவரோடிருந்த பெண் தீர்க்கதரிசி மக்சிமில்லாவும் தூக்குப்போட்டுக்கொண்டதாக ஒரு பேச்சு உண்டு என்று எழுதிய அவரே, நாம் கண்ணால் காணாததைத் தெரிந்ததாக நினைக்கக் கூடாது என்றும் சேர்த்து எழுதினார். எதிராளிக்கே இருந்த அந்த நேர்மையை நாம் எப்படித் தொலைத்தோம்?

அடுத்தது 'நானே ஆவி' என்ற குற்றச்சாட்டு. எனக்கு மிகவும் கோபம் வருவது இதில்தான். "மனிதனுக்குள் தங்கியிருக்கும் சர்வவல்ல தேவனாகிய கர்த்தர் நானே" என்று மொந்தானுஸ் சொன்னதாக, தவறான போதனைகளை மறுத்து எழுதிய நான்காம் நூற்றாண்டு பிஷப் எப்பிபானியஸ் எழுதுகிறார். சரி, அதே எப்பிபானியஸ் தருகிற இன்னொரு வாக்கையும் படியுங்கள்: "இதோ, மனிதன் யாழைப்போல, நான் மீட்டும் கோலைப்போல அவன்மேல் பறக்கிறேன். மனிதன் உறங்குகிறான், நான் விழித்திருக்கிறேன்." இங்கே 'நான்' யார்? மொந்தானுஸ் என்றால், உறங்குகிற அந்த மனிதன் யார்? அவர் தன்னை யாழ் என்றார், மீட்டுகிறவர் என்று சொல்லவில்லை. "நானே கர்த்தர், வேறொருவரில்லை" என்று ஏசாயா புத்தகத்தில் வருகிறது. ஏசாயா தன்னைக் கடவுளாக்கிக்கொண்டார் என்று நீங்கள் பிரசங்கிப்பீர்களா? தீர்க்கதரிசி கடவுளின் குரலில் பேசுவது பழைய வழக்கம். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி பற்றி இவர்களுடைய போதனை சபையின் போதனைதான் என்று ஒப்புக்கொள்வதும் எப்பிபானியஸ்தான்.

அப்படியானால் சபை ஏன் தள்ளியது? சும்மா தள்ளவில்லை. இன்றைய துருக்கியிலுள்ள பிரிகியாவில் இயக்கம் தொடங்கியது எப்பிபானியஸ் கணக்கில் கி.பி. 157 வாக்கில், யூசேபியஸ் கணக்கில் 172 வாக்கில். தன்னிலை மறந்து பேசுவது தீர்க்கதரிசனம் ஆகாது என்று ஆசியா என்ற ரோம மாகாணத்தின் சபைத் தலைவர்கள் வாதிட்டார்கள். பெப்பூசா, தீமியோன் என்ற இரண்டு சிற்றூர்களுக்கு எருசலேம் என்று பெயர் வைத்தது, புதிய உபவாசங்களைச் சட்டமாக்கியது எல்லாம் சேர்ந்துகொண்டது. தனக்குப் பின் தீர்க்கதரிசி இல்லை, முடிவுதான் என்றார் மக்சிமில்லா. யுத்தங்கள் வரும் என்றும் சொன்னார். அவர் இறந்து பதின்மூன்று வருஷத்துக்கு மேலாகியும் யுத்தம் வரவில்லை என்று அந்தப் பெயரில்லாதவர் கேட்டது நியாயமான கேள்வி. என்னிடம் கேட்டாலும் அதைத்தான் முதலில் வைப்பேன்.

பெண்கள் பேசியதுதான் தப்பு என்று மட்டும் சொல்லாதீர்கள். பிலிப்புவின் குமாரத்திகளையும் பிலதெல்பியாவின் அம்மியாவையும் உண்மையான தீர்க்கதரிசிகள் என்று மதித்தவர் அதே பெயரில்லாத எதிராளிதான்.

பிரசங்கம் தயாரிக்கிற தம்பிமாருக்கு: இந்த இயக்கத்தின் சொந்தப் புத்தகங்கள் அழிந்துவிட்டன. மிஞ்சிய வாக்குகளில் பெரும்பாலானவை எதிர்த்தவர்கள் மேற்கோள் காட்டியவை. அதனால் ஒவ்வொரு வரிக்கும் யார் எழுதியது, எந்தப் பக்கம் நின்று எழுதியது என்று பாருங்கள். 'மொந்தானிஸ்ட்' என்பதும் பிற்காலத்தில் மற்றவர்கள் வைத்த பெயர்தான். அவர்கள் 'புதிய தீர்க்கதரிசனம்' என்றார்கள். திரித்துவத்துக்கு லத்தீனில் சொல் தந்த தெர்த்துல்லியனே இவர்கள் பக்கம் போனவர் என்பதையும் விட்டுவிடாதீர்கள். உயிரோடிருக்கிற ஒரு விசுவாசிமேல் இந்தப் பெயரைத் தயவுசெய்து எறியாதீர்கள்.

"ஆடுகளிடமிருந்து ஓநாயைத் துரத்துவதுபோல என்னைத் துரத்துகிறார்கள். நான் ஓநாய் அல்ல" என்று மக்சிமில்லா சொன்னதும் யூசேபியஸில் இருக்கிறது. அந்த அக்கா அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு வரவில்லை. அன்று மேடையில் இருந்த போதகர் இதைப் படித்தால், ஐயா, அவர் வீட்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள்.