விரலுக்குக் கிடைப்பது ஒரே ஒரு சென்டிமீட்டர்

"மகள் ஒரு வருடமாக பியானோ கற்கிறாள். முதல் முறை மேடையேறப் போகிறாள். எளிதாக இருக்க வேண்டும், கேட்டால் மனதைத் தொடவும் வேண்டும். எதை வாசிக்கலாம்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

ஜெர்மன் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனின் 'மெலடி'. 1848-இல் தன் மகள் மரீயின் ஏழாவது பிறந்தநாளுக்காகச் சில சின்ன இசைகளை எழுத ஆரம்பித்து, அதைச் சிறுவர்களுக்கான 43 இசைகளின் தொகுப்பாக வளர்த்தார் ஷூமன். அதில் முதலாவது இது. பெரும்பாலும் வெள்ளைக் கீகள்தான். வலது கை மெட்டைப் பாடும், இடது கை அடியில் ஓடிக்கொண்டே இருக்கும்.

இடது கையை அடக்கி வாசித்தால் போதும், உணர்ச்சி வந்துவிடும். எப்படி என்பதுதான் எனக்குப் பிடித்த கதை.

பியானோ கீ சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் இறங்கும். அதற்குள் உள்ளே இருக்கும் சுத்தியல் நாலரை சென்டிமீட்டர் பாய்கிறது. கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்பே கீயின் பிடி விட்டுப்போகிறது. மீதித் தூரத்தைச் சுத்தியல் தானாகப் பறந்து கடக்கிறது. 1700 வாக்கில் இத்தாலியின் ஃப்ளோரன்ஸில், பியானோவை உருவாக்கிய கிறிஸ்டோஃபோரி யோசித்த ஏற்பாடு இது. அடித்த பிறகு கீயை எவ்வளவு அழுத்தினாலும், விரலை எப்படி ஆட்டினாலும் அந்தச் சுரம் மாறாது. 'அழுத்திப் பிடித்தால் உருக்கம் கூடும்' என்பது வெறும் நம்பிக்கைதான், குழந்தைகளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டாம். விரல் தருவது வேகம் மட்டுமே.

ஆனால் அந்த வேகம் செய்யும் வேலை சாதாரணமில்லை! சுத்தியலின் தலையில் கம்பளி ஃபெல்ட் இருக்கிறது. அழுத்த அழுத்த அது இறுகும். மெதுவாகப் பட்டால் மெத்தை போலக் கம்பியில் கொஞ்சம் கூடுதல் நேரம் ஒட்டியிருந்து மேற்சுரங்களை (அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து மெல்ல ஒலிக்கும் உயர் சுரங்களை) அமுக்கிவிடும்; நாதம் மங்கலாக, உருண்டையாக வரும். வேகமாகப் பட்டால் ஃபெல்ட் கெட்டியாகி மேற்சுரங்களைக் கிளப்பிவிடும். நாதம் பளிச்சென்று இருக்கும். அதனால் அடக்கி வாசிக்கும் இடது கையில் ஒலி மட்டுமல்ல, நிறமும் குறைகிறது. மெட்டு தனியாக மேலெழுந்து நிற்கிறது.

கம்பியின் அதிர்வை ஆராயும் கருவியான சுரமானியைக் கரும்பலகையில் வரைந்து ஒலியியல் நடத்தும் பள்ளிகள், அரங்கில் பூட்டிக் கிடக்கும் பியானோவைத் திறந்து காட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

சரி, வீட்டில் இருப்பது கீபோர்டு என்றால், விரலின் வேகத்தை உணரும் வகைதானா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்தப் பயிற்சி நடக்காது. கிராண்ட் பியானோ கிடைத்தால் ஒரு கீயை மிக மெதுவாக இறக்கச் சொல்லுங்கள். சத்தமே வராது. அடியை நெருங்கும்போது விரலில் ஒரு சின்னத் தடங்கல் தெரியும். சுத்தியல் கைவிட்டுப் போகும் இடம் அதுதான்.