மின்தடை: ஒரு சொல், இரண்டு பொருள்

‘நாளை மின்தடை’ என்று நாளிதழில் வந்தால், அந்தப் பகுதியில் மின்சாரம் இருக்காது. அறிவியல் பாடநூலிலோ மின்தடை என்பது மின்னோட்டத்துக்குக் கம்பி காட்டும் எதிர்ப்பு. பட்டறையில் ‘ரெசிஸ்டன்ஸ்’ என்பார்களே, அது. மாணவர்கள் தடுமாறுவதில் வியப்பில்லை.

எடு–எடை, விடு–விடை போலத் தடு என்ற வினையில் பிறந்தது தடை. அடியோடு நிறுத்துவதும் தடைதான், போகவிட்டுக் குறுக்கே நிற்பதும் தடைதான். இயற்பியலுக்கு வேண்டியது இரண்டாவது பொருள். ஆகவே மின்தடை என்ற சொல்லை இயற்பியல் அளவுக்கே விட்டுவிடலாம். பராமரிப்புக்காக நிறுத்தினால் மின்நிறுத்தம், பற்றாக்குறையால் என்றால் மின்வெட்டு என்ற சொற்கள் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளன.

‘ரெசிஸ்டர்’ என்ற உறுப்பைத் தமிழ்நாட்டில் மின்தடையாக்கி, மின்தடையம் என்றும் இலங்கையில் தடையி என்றும் எழுதுகிறார்கள். தடையி சுருக்கமானது, மின்தேக்கி, மின்மாற்றி வரிசையிலும் இயல்பாக உட்காருகிறது. ‘பவர்’ இங்கே திறன், அங்கே வலு.

ஜெர்மானியரான ஜார்ஜ் சைமன் ஓம் 1827இல் வெளியிட்ட விதிதான் கணக்குக்கு அடிப்படை: மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. இரண்டையும் பெருக்கினால் திறன். ஒரு வாட்டர் ஹீட்டர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 230 ÷ 8.7 = சுமார் 26.4 ஓம் (மின்தடையின் அலகுக்கும் அவர் பெயர்தான்). 230 × 8.7 = சுமார் 2,000 வாட்.

மின்னழுத்தம் 180 வோல்ட்டுக்கு இறங்கினால்? ஹீட்டர் சுருளின் மின்தடை பெரிதாக மாறாது, மின்னோட்டம்தான் 6.8 ஆம்பியராகக் குறையும். திறன் ஏறக்குறைய 1,225 வாட். அழுத்தம் 22 சதவீதம் குறைய, திறன் 39 சதவீதம் போய்விடுகிறது, ஏனென்றால் திறன் அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ‘லோ வோல்ட்டேஜில் தண்ணீர் சுடவே மாட்டேங்குது’ என்பதன் காரணம் இதுதான்.

60 வாட் குண்டு பல்பில் கணக்கு வேறுமாதிரி ஏமாற்றும். 230 வோல்ட்டில் எரியும்போது அதன் மின்தடை 880 ஓம் அளவு. கழற்றி ஆறவைத்து மல்டிமீட்டரில் பார்த்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. மீட்டர் பழுதில்லை, டங்ஸ்டன் இழை சூடேறினால் மின்தடை கூடும். ஸ்விட்ச் போட்ட நொடியில் பல்பு ஃபியூஸ் ஆவதற்கும் இந்தக் குளிர்ந்த இழை வழியே பாயும் பெரிய மின்னோட்டம் ஒரு காரணம்.

அலகில்தான் பிழை அதிகம். 12 வோல்ட் மின்கலத்தில் 2 வோல்ட், 20 மில்லிஆம்பியர் எல்.இ.டி. இணைக்க, அதோடு தொடராக ஒரு தடையியும் வேண்டும். அதன் அளவுக்கு மீதி 10 வோல்ட்டை 0.02 ஆம்பியரால் (20 மில்லிஆம்பியர்) வகுக்க வேண்டும்: 500 ஓம். 20ஆல் வகுத்தால் அரை ஓம் என்று வரும், அதைப் போட்டால் எல்.இ.டி. அக்கணமே போய்விடும். கடையில் 510 அல்லது 560 ஓம் கிடைக்கும். தடையியில் வெப்பமாகும் திறன் 0.2 வாட் வரை இருப்பதால் கால் வாட் தடையி சுடும். அரை வாட் வாங்குங்கள்.

மின்விசிறி, மோட்டார் போன்றவற்றில் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் வோல்ட்-ஆம்பியர்தான் வரும். வாட் வேண்டுமென்றால் திறன் காரணியாலும் (‘பவர் ஃபாக்டர்’: அந்த வோல்ட்-ஆம்பியரில் எத்தனை பங்கு உண்மையான திறன் என்று சொல்லும் எண்) பெருக்க வேண்டும். ஓம் அளக்கும் முன் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். மின்சாரம் ஓடும் சுற்றில் அளந்தால் அளவும் தவறும், மீட்டரும் கெடும், கைக்கும் ஆபத்து.