டாங்கிள் வாங்கப் போறீங்களா? 150 எம்பிபிஎஸ் ஸ்பீட விடுங்க, பேண்ட் நம்பரப் பாருங்க

பொள்ளாச்சி பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ், கேமரா மாட்டறது, சின்னச் சின்ன ஆபீஸுக்கு நெட்வொர்க் போடறதுன்னு பொழப்பு ஓட்டறவன் நான். தோப்புக்குள்ள இருக்கற சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) ஃபைபர் கேபிள் வராது, வந்தாலும் மட்டை விழுந்து அந்துரும், அதனால சிம் போட்டு கம்ப்யூட்டருக்கு நெட் குடுக்கற டாங்கிள் கேக்கறவங்க வருசம் பூரா இருக்காங்க. ஊருக்கு வந்து வீட்டுல இருந்து வேலை பாக்கற பொண்ணுங்க பசங்க, நெட் போச்சுன்னா சர்டிபிகேட் எடுக்க முடியாம நிக்கற இ-சேவை மையக்காரங்க, எல்லாருமே மொதல்ல கேக்கற கேள்வி ஒண்ணுதான், "எதுங்க ஸ்பீடு அதிகம்?" அடுத்தது "எது வெல கம்மி?" இந்த ரெண்டையும் விட முக்கியமான கேள்வி, அது எந்த பேண்டுல, அதாவது எந்த அலைவரிசையில ஓடும்ங்கறது, அத யாரும் கேக்கறதில்ல, அதத்தான் இங்க எழுதப்போறேன்.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விசயம். ஆன்லைன்ல "யூஎஸ்பி டாங்கிள்"னு தேடினா முன்னூறு நானூறு ரூவாய்க்கு நெகம் சைஸுல ஒண்ணு வரும், ஸ்பீடு 300 எம்பிபிஎஸ்னு போட்டிருக்கும். அது வைஃபை அடாப்டர். அதுல சிம் போடவே எடம் இருக்காது, ஏற்கனவே வைஃபை இருக்கற வீட்டுல பழைய கம்ப்யூட்டருக்கு வைஃபை வர வைக்கத்தான் அது. அத வாங்கிட்டு வந்து "சிம் எங்க போடறதுங்க தம்பி"ன்னு கேக்கறவங்கள நான் அடிக்கடி பாக்கறேன். படத்துல சிம் சிலாட் தெரியுதா, அத மொதல்ல பாருங்க.

ரெண்டாவது, வீட்டு பீரோவுல இருக்கற பழைய டாங்கிள். டாடா ஃபோட்டான் பிளஸ், ரிலையன்ஸ் நெட்கனெக்ட், எம்டிஎஸ் எம்பிளேஸ் இதெல்லாம் சிடிஎம்ஏங்கற பழைய நெட்வொர்க் காலத்துது, அந்த நெட்வொர்க்கே இப்ப இல்ல, தூக்கிப் போட்ருங்க. ஹுவாவே, இசட்டிஇ கம்பெனில வந்த 7.2, 21.6 எம்பிபிஎஸ்னு எழுதின 3ஜி டாங்கிள் இன்னும் செகண்ட் ஹேண்டுல இருநூறு முன்னூறுக்கு விக்கறாங்க. ஏர்டெல் 2020 வாக்குலயே 3ஜிய மூடியாச்சு, ஜியோவுல 2ஜியும் கிடையாது 3ஜியும் கிடையாது, 2016ல ஆரம்பிக்கும்போதே நேரா 4ஜிதான். அப்ப அந்த டாங்கிள்ல ஜியோ சிம் போட்டா சிக்னலே காட்டாது, ஏர்டெல் போட்டா 2ஜிக்கு எறங்கி ஒரு மெயில் திறக்கறதுக்குள்ள டீ ஆறிரும். இருநூறு ரூவாதானேன்னு வாங்காதீங்க, அந்த இருநூறும் தண்டம்.

இப்ப மெயின் விசயத்துக்கு வர்றேன். 4ஜின்னு எழுதியிருந்தா போதாது, எந்த பேண்டுல 4ஜிங்கறதுதான் கேள்வி. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு அலைவரிசையில ஓட்டறாங்க. ஜியோ பேண்ட் 3, பேண்ட் 5, பேண்ட் 40, அதாவது 1800, 850, 2300 மெகாஹெர்ட்ஸ். ஏர்டெல் பேண்ட் 1, 3, 8, 40. விஐ (வோடபோன் ஐடியா) நம்ம பக்கம் 1, 3, 8. பிஎஸ்என்எல் புதுசா போடற 4ஜி 700 மெகாஹெர்ட்ஸ் பேண்ட் 28லயும் 2100 பேண்ட் 1லயும் வருது. இதுல 850, 900, 700 எல்லாம் கம்மி ஃப்ரீக்வென்சி, டவர்ல இருந்து தூரமா வரும், சொவத்தத் தாண்டி உள்ள வரும். 2300 வேகமா இருக்கும் ஆனா டவர் பக்கத்துல இருந்தாத்தான். தோப்புக்குள்ள இருக்கற சாளைக்கு ஜியோ போடறீங்கன்னா பேண்ட் 5 இல்லாத டாங்கிள வாங்கினா பாதி நேரம் ஒரு சிக்னல் கம்பியோட தொங்கிட்டு நிக்கும், டவுனுக்குள்ள போடறீங்கன்னா பேண்ட் 40 இல்லேன்னா சாயங்காலம் ஆறு மணிக்கு மேல கூட்டத்துல மாட்டிக்கும். பிஎஸ்என்எல் போடறவங்க பேண்ட் 28 இருக்கான்னு கட்டாயம் பாக்கணும், வெல கொறஞ்ச டாங்கிள் நெறையாத்துல அது இருக்கறதில்ல.

"என் போன்ல இதே எடத்துல நல்லா எடுக்குதே"ன்னு கேப்பாங்க. பக்கத்துத் தோட்டத்துக் கெணத்துல தண்ணி இருக்குதுன்னா உங்க மோட்டார்ல வந்துருமா? போன்ல நம்ம ஊரு பேண்ட் எல்லாமே இருக்கும், டாங்கிள்ல அவன் எந்த நாட்டுக்குச் செஞ்சானோ அந்த நாட்டு பேண்டுதான் இருக்கும். இதுல ஒரு சூட்சுமம், பேர் ஒண்ணா இருந்தாலும் உள்ள வேற. ஹுவாவே ஈ3372 ரொம்ப பேமஸ், அதுல ஈ3372எச்-153ன்னு வர்றது ஐரோப்பாவுக்கு, பேண்ட் 20 இருக்கும், நம்மளுக்கு வேண்டிய 5ம் இல்ல 40ம் இல்ல. அதே ஈ3372எச்-607ல 40ம் இருக்கு 28ம் இருக்கு. வெளிய பாத்தா ரெண்டும் அதே வெள்ள குச்சிதான். பின்னாடி ஸ்டிக்கர்ல அந்த மூணு நம்பரப் படிங்க. விக்கறவர் பேண்ட் லிஸ்ட் போடாம "எல்லா சிம்மும் சப்போர்ட்"னு மட்டும் எழுதியிருந்தா நான் அத வாங்கச் சொல்லமாட்டேன். சிம்ம ஏத்துக்கறது வேற, சிக்னல் புடிக்கறது வேற.

150 எம்பிபிஎஸ் கதைய சுருக்கமா சொல்றேன். அது கேட்டகிரி 4ங்கற சிப்போட உச்சக் கணக்கு, அந்த பேண்டுல கம்பெனிக்கு 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் முழுசா கிடைச்சு, ரெண்டு ஆன்டெனாவும் வேலை செஞ்சு, டவர்ல நீங்க மட்டும் தனியா இருந்தா வரும். 10 மெகாஹெர்ட்ஸ் அகலந்தான் இருக்குன்னா தியரியே 75 ஆயிரும். மலிவு குச்சி சிலதுல ஆன்டெனா ஒண்ணுதான் ஒழுங்கா இருக்கும். சிக்னல் நல்லா இருக்கற எடத்துல 15, 20 எம்பிபிஎஸ் வந்தா வீடியோ மீட்டிங்குக்கு தாராளம், அதுக்கு மேல பெட்டியில என்ன எழுதியிருந்தாலும் ஒண்ணுதான்.

அடுத்தது கொஞ்சம் சீரியஸ். பேரே இல்லாத வெள்ளக் கலர் "4ஜி வைஃபை டாங்கிள்", ஆயிரம் ஆயிரத்தி ஐநூறுக்குள்ள, எல்லா சைட்லயும் கெடைக்குது. உள்ள பெரும்பாலும் குவால்காம் 410 சிப்பு, பழைய ஆண்ட்ராய்டு ஓடுது, அதாவது ஸ்கிரீன் இல்லாத ஒரு பழைய போன். வேலை செய்யும், நானே கேக்கறவங்களுக்கு மாட்டிக் குடுத்திருக்கேன், ஆனா மாட்டின ஒடனே ரெண்டு வேலை செய்யாம வெளிய வர்றதில்ல. ஒண்ணு பாஸ்வேர்டு. நெறையாத்துல வைஃபை பாஸ்வேர்டு 1234567890, செட்டிங்ஸ் பேஜுக்கு யூசர்நேமும் அட்மின் பாஸ்வேர்டும் அட்மின். 192.168.100.1ன்னு பிரவுசர்ல அடிச்சா திறந்துக்கும், பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையா இருந்தா டீ குடிக்க வர்றவன் எல்லாம் உங்க நெட்டுல இருப்பான். டேட்டா தீர்றது பெரிசில்லைங்க, அவன் அதுல ஏதாச்சும் ஏமாத்து வேலை பண்ணினா சிம் உங்க ஆதார்ல இருக்கு, போலீஸ் மொதல்ல உங்களத்தான் கூப்புடும். ரெண்டு பாஸ்வேர்டையும் மாத்துங்க, வைஃபை பேரையும் மாத்துங்க.

இன்னொண்ணு ஐஎம்இஐ நம்பர். டாங்கிளுக்கும் போன் மாதிரியே 15 இலக்க நம்பர் உண்டு, ஸ்டிக்கர்லயும் செட்டிங்ஸ் பேஜ்லயும் ரெண்டு எடத்துலயும் ஒரே நம்பர் இருக்கணும். இருக்கான்னு ஒத்துப் பாத்துட்டு, கேஒய்எம்னு (KYM) மூணு இங்கிலீஷ் எழுத்து, ஒரு ஸ்பேஸ், அப்புறம் அந்த நம்பர் அடிச்சு 14422க்கு மெசேஜ் அனுப்புங்க, எந்தக் கம்பெனி எந்த மாடல்னு பதில் வரும். மத்திய அரசோட சஞ்சார் சாத்தி ஆப்லயும் பாக்கலாம். நம்பர் செல்லாதுன்னோ, வேற ஏதோ போன் மாடல்னோ வந்துச்சுன்னா அப்பவே ரிட்டன் போட்ருங்க. "ஐஎம்இஐ மாத்தித் தர்றேன்"னு யாராச்சும் சொன்னா கிட்டயே போகாதீங்க, 2023 தொலைத்தொடர்புச் சட்டத்துல அதுக்கு மூணு வருசம் வரைக்கும் ஜெயில், 50 லட்சம் வரைக்கும் அபராதம்.

லாக் ஆன டாங்கிள் பத்தி ஒரு வரி: கம்பெனி பேர் அச்சடிச்சது வேற சிம் எடுக்காம இருக்கலாம், ஹுவாவேல அன்லாக் கோட தப்புத் தப்பா பத்து தடவை போட்டா நிரந்தரமா பூட்டிக்கும், அதனால அன்லாக் பண்ணினத உங்க சிம்ம போட்டுப் பாத்துட்டு வாங்குங்க. போடறப்ப நேனோ சிம்ம பிளாஸ்டிக் அடாப்டர் வெச்சு சொருகாதீங்க, எடுக்கும்போது அடாப்டர் உள்ள மாட்டி சிலாட்டோட பின்ன வளைச்சுரும், சர்வீஸுக்கு வர்றதுல இது ஜாஸ்தி.

வாங்கியாச்சு, எங்க வெக்கறது? கம்ப்யூட்டர் பின்னாடி சொருகி, பக்கத்துல இரும்பு பீரோ இருந்தா அவ்ளோதான். செட்டிங்ஸ் பேஜ்ல ஆர்எஸ்ஆர்பின்னு சிக்னல் பலத்தச் சொல்ற நம்பர் ஒண்ணு காட்டும், மைனஸ்ல இருக்கும், சிக்னல் கம்பிய நம்பாதீங்க இத நம்புங்க. மைனஸ் 80, 90 நல்லது, 100 சுமார், 110க்கு மேல போனா அழுவாச்சி. போன மாசம் ஆனைமலைப் பக்கம் ஒரு அக்கா வீட்டுல மேசைக்கடியில மைனஸ் 113 காட்டிட்டு இருந்தது, ஒரு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்சன் கேபிள் போட்டு ஜன்னல் கம்பில கட்டிவிட்டேன், 98க்கு வந்துருச்சு, அதே டாங்கிள் அதே சிம். "ஏனுங் தம்பி, இதுக்கா நான் புதுசு வாங்க இருந்தேன்"னாங்க. கேபிள் மட்டும் நீளமா மெல்லிசா வாங்காதீங்க, யூஎஸ்பி 2 போர்ட்டு 500 மில்லிஆம்ப்தான் குடுக்கும், மெல்லிசு கேபிள்ல அதுவும் கொறஞ்சு டாங்கிள் தானா ஆஃப் ஆகி ஆஃப் ஆகி வரும், எல்லாரும் நெட்வொர்க்கத் திட்டிட்டு இருப்பாங்க.

ரீசார்ஜ்லயும் ஒரு கண்ணி இருக்கு. போன்ல "அன்லிமிடெட் 5ஜி" வருது, அதே சிம்ம டாங்கிள்ல போட்டுக்கலாம்னு நெனைக்கறாங்க. அந்த அன்லிமிடெட் 5ஜிக்கு மட்டுந்தான், டாங்கிள் 4ஜி. தினம் 2 ஜிபி தீந்ததும் 64 கேபிபிஎஸ்ஸுக்கு எறங்கிரும், வாட்ஸாப் மெசேஜ் போகும், அவ்ளோதான். உங்களுக்கு மாசத்துக்கு எவ்ளோ வேணும்னு மொதல்ல போன் ஹாட்ஸ்பாட்ல ஒரு வாரம் ஓட்டிப் பாத்துட்டு பிளான் எடுங்க.

தோப்புக்கு கேமரா போடறவங்களுக்கு மட்டும் நான் யூஎஸ்பி டாங்கிளே வேண்டாம்னுதான் சொல்லுவேன். கேமரா ரெக்கார்டர்ல நெட்டுக்கு இருக்கறது லேன் போர்ட்டு, அதாவது நெட் கேபிள் சொருகற எடம், அதுல இருக்கற யூஎஸ்பில டாங்கிள சொருகினா நெறையாத்துல ஒண்ணும் நடக்காது. சிம் போடற ரவுட்டர் லேன் போர்ட்டோட ரெண்டாயிரம் மூவாயிரத்துக்கு வருது, அது சரி. சிம்முல போற நெட்டுக்கு பொதுவா தனி ஐபி (வெளிய இருந்து நேரா தேடி வர்ற நெட் அட்ரஸ்) வராது, அதனால போர்ட் ஃபார்வர்டு பண்ணி வெளிய இருந்து பாக்கற பழைய வேலை நடக்காது, ரெக்கார்டர் கம்பெனி ஆப் வழியா கியூஆர் ஸ்கேன் பண்ணிப் பாக்கற ரெக்கார்டரா எடுங்க. கிளவுட்ல முழுநேரமும் ஏத்தாதீங்க, ஒரு கேமரா 1 எம்பிபிஎஸ்ல விடாம ஏத்தினாலே ஒரு நாளைக்கு பத்து ஜிபிக்கு மேல ஆகுது, உள்ள ஹார்டு டிஸ்க்ல பதிஞ்சுட்டு பாக்கும்போது மட்டும் நெட் போனாப் போதும்.

மாசத்துல ரெண்டு நாள் ஃபைபர் போகும்போது மட்டும் வேணுங்கறவங்க எதையும் வாங்காதீங்க. போன யூஎஸ்பி கேபிள்ல லேப்டாப்புல சொருகி போன் செட்டிங்ஸ்ல டெதரிங் (போன் நெட்ட லேப்டாப்புக்குக் குடுக்கறது) ஆன் பண்ணுங்க, ஹாட்ஸ்பாட்ட விட நிலையா இருக்கும், 5ஜி போனா இருந்தா எந்த டாங்கிளும் கிட்ட வராது. பழைய போன நாள் பூரா சார்ஜ்ல போட்டு ஹாட்ஸ்பாட்டா விடறது மட்டும் வேண்டாம், பேட்டரி உப்பிக்கிட்டு பின்மூடியத் தள்ளும்.